டயருக்கு அடியில் ஓர் ஆறு

திருக்கோவிலூரிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகத் தார்ச்சாலை இருக்கிறது. தியாகதுருகம், கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம் என்று பஸ் மாறி மாறிப் போனால் வெள்ளிமலை வந்துவிடும். அதே ஊர்களை இன்னொரு வலையும் இணைக்கிறது. வாய்க்கால் கரை, ஏரிக்கரை, கரும்பு டிராக்டர் போய்ப் போய் இறுகிய செம்மண் தடம், கிராவல் கொட்டிய ஊராட்சிச் சாலை, மலையடிவாரத்துக் கப்பி ரோடு. வரைபடத்தில் நூலளவுகூடத் தெரியாத இந்தப் பாதைகளில் சைக்கிள் ஓட்டுவது இன்று உலகெங்கும் ஒரு தனி விளையாட்டாகிவிட்டது. பெயர் கிராவல் சைக்கிளிங்.

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் எம்போரியா என்ற சிற்றூரில் 2006இல் தொடங்கிய 200 மைல் பந்தயம் இதைப் பிரபலமாக்கியது. இத்தாலியில் டஸ்கனியின் வெள்ளை மண் சாலைகளில் 2007 முதல் ஒரு பெரிய பந்தயம் நடக்கிறது. சர்வதேச சைக்கிள் கூட்டமைப்பு 2022இல் இதற்கென்றே உலக சாம்பியன்ஷிப் பந்தயத்தைத் தொடங்கியது. எம்போரியாவில் வீரர்கள் அதிகம் பயப்படுவது சக வீரர்களைப் பார்த்தல்ல, கல்லைப் பார்த்து. அங்குள்ள சுண்ணாம்புப் பாறை மழையில் கரைந்து போக, அதற்குள் இருந்த சிக்கிமுக்கிக் கல் மட்டும் கத்தி முனைகளாக மிஞ்சி ரோடெங்கும் கிடக்கிறது. டயரின் பக்கவாட்டை அது கிழித்துவிடும்.

தார்ச்சாலை எந்த ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். மண் ரோடு அப்படியல்ல. அந்த ஊரின் பாறை, ஆறு, மழை மூன்றும் சேர்ந்து செய்த பொருள் அது. சரிவு எவ்வளவு, கல் உருண்டையா கூரா, டயருக்கு எவ்வளவு காற்று என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் தரைக்குள் இருக்கிறது. தென்பெண்ணைக் கரையிலிருந்து கல்வராயன் அடிவாரம் வரை உள்ள நிலம் இதைப் பார்க்க நல்ல இடம். மணல், களி, கிராவல், கூர்ங்கல், மலையேற்றம் எல்லாம் இங்கே வரிசையாக வருகின்றன.

ஆறு போட்ட சரிவு

தென்பெண்ணை கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறக்கிறது. கிருஷ்ணகிரி அணையையும் 1958இல் திறந்த சாத்தனூர் அணையையும் தாண்டி, மூங்கில்துறைப்பட்டு, மணலூர்பேட்டை, திருக்கோவிலூர் வழியாகப் போய்க் கடலூர் அருகே கடலில் சேர்கிறது. திருக்கோவிலூரின் உயரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 70 மீட்டர். அங்கிருந்து கடலுக்கு ஆற்றுவழியே 70 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஆகக் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் இறக்கம், அதாவது 0.1 சதவீதச் சரிவு. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்றால், இந்தச் சரிவு பின்னுக்கு இழுக்கும் விசை கையில் 80 கிராம் எடையைத் தூக்கும் அளவுதான். கால் அதை உணராது.

ஆறு ஏன் இவ்வளவு சாதுவான சரிவைப் போடுகிறது? தலைப்பகுதியில் நீர் குறைவு, கல் பெரிது. அந்தக் கல்லை உருட்ட ஆற்றுக்குச் செங்குத்தான சரிவு வேண்டும். கீழே வரவரக் கிளையாறுகள் சேர்ந்து நீர் பெருகுகிறது, கல்லும் தேய்ந்து மணலாகிறது. குறைந்த சரிவிலேயே சுமையைக் கொண்டுபோய்விடலாம். சரிவு தேவைக்கு மேல் இருந்தால் ஆறு அரித்துக் குறைத்துக்கொள்ளும். போதாவிட்டால் மணலைப் போட்டு உயர்த்திக்கொள்ளும். பல்லாயிரம் ஆண்டு இப்படிச் சரிசெய்ததால்தான் ஆற்றின் நெடுக்குவெட்டு மேலே செங்குத்தாகவும் கீழே தட்டையாகவும் வளைந்திருக்கிறது. ஆற்றங்கரையை ஒட்டி மேல்நோக்கிப் போகிறவருக்கு அந்த நிலத்தில் கிடைக்கக்கூடிய மிக மென்மையான ஏற்றம் இலவசமாகக் கிடைக்கிறது.

ஆற்றங்கரையை விட்டுச் சங்கராபுரம் பக்கம் திரும்பினால் ஒரு விஷயம் நடக்கும், கவனிக்காவிட்டால் தெரியாது. வயல்வெளியின் லேசான மேட்டைக் கடக்கிறோம். இந்தப் பக்கம் விழும் மழை தென்பெண்ணைக்கு, அந்தப் பக்கம் விழுவது மணிமுக்தாவுக்கு. கல்வராயனிலிருந்து இறங்கும் மணிமுக்தா, கோமுகி இரண்டின் நீரும் வெள்ளாற்றில் சேர்கிறது. இரண்டு ஆற்றுப் படுகைகளைப் பிரிக்கும் எல்லை இங்கே ஒரு கரும்புத் தோட்டத்துக்குள் போகிறது.

மணலில் சக்கரம்

திருக்கோவிலூர் ஆற்றுக்குள் கபிலர் குன்று என்ற பெரும் கருங்கல் பாறை நிற்கிறது. பாரியின் நண்பர் கபிலர் வடக்கிருந்து உயிர்விட்ட இடம் என்பது மரபு. நிலவியல் கண்ணால் பார்த்தால், விரிசல் அதிகம் இல்லாததால் தப்பிய பாறை அது. விரிசல் உள்ள பாறைக்குள் நீர் புகுந்து உடைக்கும். ஃபெல்ஸ்பார் என்ற கனிமம் களிமண்ணாகி வெள்ளத்தோடு போய்விடும். குவார்ட்ஸ் அழியாது, மணலாக நிற்கும். அந்தப் பாறையைச் சுற்றிக் கிடக்கும் மணலில் பெரும்பகுதி, அதைப் போலவே இருந்து சிதைந்துபோன பாறைகளின் எச்சம்தான்.

ஆற்றுக்குள் இறங்கும் வண்டிப்பாதையில் சைக்கிளை விட்டால் சில கஜ தூரத்தில் முன்சக்கரம் புதைகிறது. காய்ந்த மணலில் துகளைத் துகளோடு பிடித்துவைக்க உராய்வைத் தவிர எதுவும் இல்லை. சக்கரம் அதைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு உழுகிறது. நீரோட்டத்தை ஒட்டி முழ அகலத்துக்கு ஒரு பட்டை இருக்கும். அங்கே ஓட்டிப் பாருங்கள், டயர் தடம் அச்சாகப் பதியும், புதையாது. அளவான ஈரத்தில் தண்ணீர் துகள்களுக்கிடையே சிறு பாலங்களாக நின்று, பரப்பு இழுவிசையால் அவற்றைச் சேர்த்து இழுக்கிறது. முழுக்க நனைந்தால் அந்தப் பாலங்கள் இல்லாமல் போய், மணல் மறுபடி நெகிழும்.

ஈர மணலில் கால் வைத்தால் பாதத்தைச் சுற்றி ஒரு கணம் வெளுத்து உலர்ந்துபோகுமே, அதற்கும் காரணம் உண்டு. நெருங்கிச் செறிந்த துகள்களை அழுத்தினால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இடைவெளியைப் பெரிதாக்குகின்றன. மேலே இருக்கும் நீர் அந்த இடைவெளிக்குள் இறங்குகிறது. ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1885இல் இதை விளக்கினார். சக்கரத்தின் கீழும் இதேதான் நடக்கிறது. செறிந்த ஈர மணல் உருமாற மறுப்பதால் சக்கரத்தைத் தாங்குகிறது.

மணலில் விழுவதற்கு இன்னொரு காரணம் ஹேண்டில்பாரில் இருக்கிறது. ஓடும் சைக்கிள் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே முன்சக்கரம் தானாகத் திரும்புகிறது, அதனால்தான் நிமிர்கிறது. சுழலும் சக்கரத்தின் கைரோ விளைவுதான் காரணம் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். 2011இல் டெல்ஃப்ட், கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த விளைவையும், முன்சக்கரம் தரையைத் தொடும் இடம் திருப்பும் அச்சுக்குப் பின்னால் இருப்பதன் விளைவையும் நீக்கி ஒரு சைக்கிள் செய்து ஓட்டிக் காட்டினார்கள். அதுவும் தானாக நிமிர்ந்து ஓடியது. எடை எங்கே அமர்ந்திருக்கிறது என்பது உட்படப் பல சேர்ந்துதான் சைக்கிளை நிமிர்த்தி நிறுத்துகின்றன. மணலில் முன்சக்கரம் திரும்ப முயலும்போது பக்க மணல் தடுக்கிறது, திருத்தம் தாமதமாகிறது. எடையைப் பின்னுக்கு வாங்கி, ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காமல், பெடலை நிறுத்தாமல் மிதிப்பது இதனால்தான் பலிக்கிறது.

உருண்டைக் கல்லும் கூர்ங்கல்லும்

கோமுகி அணைக்குப் பக்கத்து ஓடையில் ஒரு கல்லை எடுங்கள். மலையடிவார ரோட்டோரம் இன்னொன்றை எடுங்கள். முதலாவது வழவழப்பு, இரண்டாவது விரலைக் குத்தும். இரண்டும் ஒரே மலையிலிருந்து வந்தவைதான். ஓடைக்கல் உருண்டு மோதித் தேய்ந்திருக்கிறது. கீழே போகப்போகக் கூழாங்கல்லின் அளவு ஓர் ஒழுங்கோடு குறைவதை, ரைன் நதியை அளந்து 1875இல் ஸ்டெர்ன்பெர்க் காட்டினார். ரோட்டோரக் கல் மலைச்சரிவிலிருந்து உடைந்து விழுந்து, பயணமே செய்யாதது.

அந்தக் கூர்ங்கல்லை உடைத்துப் பார்த்தால் உள்ளே கருநீலச் சாம்பல் நிறம், எண்ணெய் பூசியதுபோன்ற மங்கல் பளபளப்பு. வெளித்தோல் மட்டும் துருப்பழுப்பு. கல்வராயனின் முக்கியப் பாறையான சார்னோக்கைட் பெரும்பாலும் இப்படி இருக்கும். இந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக். கல்கத்தாவில் இருக்கும் அவருடைய கல்லறைக் கல் பல்லாவரம் பக்கத்துப் பாறையை ஒத்திருப்பதைக் கண்டு, நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893இல் வைத்த பெயர் இது. பூமியின் மேலோட்டில் மிக ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவான பாறை. அதில் உள்ள இரும்பு மழையோடும் காற்றோடும் சேர்ந்து துருப்பிடிக்கிறது. அடிவாரத்துச் செம்மண்ணின் சிவப்பு அந்தத் துருதான். இடையிடையே வெள்ளையாக மின்னும் வெங்கச்சங்கல், சிதையாமல் மிஞ்சிய குவார்ட்ஸ்.

ஓட்டுகிறவருக்கு இந்த வித்தியாசம் முக்கியம். கூர்ங்கற்கள் ஒன்றுக்குள் ஒன்று கொளுவிக்கொள்ளும், ஏறிப்போனால் நகராது. உருண்டைக் கற்கள் டயருக்கடியில் உருளும். ஓடை குறுக்கிடும் இடத்தில், அதுவும் வளைவில், முன்பிரேக்கைப் பிடிப்பவர் விழுவது இதனால். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்துப் பொறியாளர் ஜான் மெக்காடம் சாலைக்கு ஆற்றுக் கூழாங்கல்லைப் போடாமல் உடைத்த சிறு கல்லையே போடச் சொன்னதும் இதே காரணத்துக்காகத்தான். நம் கப்பி ரோடு அவர் வழியில் வந்தது. நல்ல கிராவலில் பெருங்கல், சிறுகல், மணல் மூன்றோடு கொஞ்சம் களியும் கலந்திருக்கும். களி பசையாக நின்று மற்றதைப் பிடித்துவைக்கும். கோடையில் லாரிக்குப் பின்னால் எழும் தூசி அந்தப் பசைதான். தூசி பறக்கப் பறக்க ரோடு தளர்கிறது.

எவ்வளவு காற்று?

டயர் கல்லாக இருந்தால்தான் வேகமாக ஓடும் என்று சைக்கிள் கடையில் பலரும் காற்றை இறுக்கி அடித்துக்கொள்வார்கள். வழுவழுப்பான தார்ச்சாலையில் அது ஓரளவு சரி. டயர் நசுங்கி மீளும்போது ரப்பருக்குள் கொஞ்சம் ஆற்றல் வெப்பமாகிறது. காற்று அதிகமானால் நசுங்கல் குறைகிறது.

கரடான ரோட்டில் கணக்கு மாறுகிறது. ஒவ்வொரு பத்து சென்டிமீட்டருக்கும் ஒரு கல் இருந்து, அது 80 கிலோவை வெறும் ஒரு மில்லிமீட்டர் தூக்கிப் போடுகிறது என்று வையுங்கள். ஒரு தடவைக்கு ஆகும் ஆற்றல் சுமார் 0.8 ஜூல். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் விநாடிக்கு 40க்கும் மேற்பட்ட கற்கள். பெருக்கினால் 30 வாட்டுக்கு மேல் வீண். சாதாரண ஆள் நெடுநேரம் தரக்கூடிய 100 வாட்டில் மூன்றில் ஒரு பங்கு குலுக்கலிலேயே போகிறது, அது தசையிலும் முதுகிலும் வெப்பமாக முடிகிறது. டயரில் காற்று குறைந்தால் கல் டயருக்குள் அமுங்கும், ஆள் மேலே எழும்பமாட்டார். ஆகவே கரட்டு ரோட்டில் ஒரு வரம்புக்கு மேல் காற்று அடித்தால் சைக்கிள் மெதுவாகத்தான் போகும்.

பிடிப்பும் இதோடு வருகிறது. பின்சக்கரத்தின்மேல் 45 கிலோ என்றால், 80 பி.எஸ்.ஐ. காற்றில் டயர் தரையைத் தொடும் பரப்பு சுமார் 8 சதுர சென்டிமீட்டர். 36 பி.எஸ்.ஐ. ஆக்கினால் 18. இரு மடங்குக்கு மேல் கற்களை ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்ளலாம். மிகவும் குறைத்தாலும் ஆபத்து. கல் இடிக்கும்போது டயர் முழுதும் நசுங்கி, ரிம்மின் இரு விளிம்பும் டியூபைக் கடித்து அடுத்தடுத்து இரண்டு ஓட்டை போடும். அகல டயர் இந்தச் சங்கடத்தைத் தீர்க்கிறது. காற்று குறைவாக இருந்தாலும் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே இடம் இருக்கும். கிராவல் சைக்கிளுக்கு 38 முதல் 45 மில்லிமீட்டர் அகல டயர் போடுவது இதற்காகவே.

பால்காரரும் தபால்காரரும் ஓட்டிய பழைய கறுப்பு சைக்கிளின் டயர் அளவு 28க்கு ஒன்றரை அங்குலம். ஒன்றரை அங்குலம் என்பது 38 மில்லிமீட்டர். நீண்ட சட்டமும், சாய்ந்த முன்ஃபோர்க்கும், இந்த டயரும் மோசமான சாலைக்கென்றே அமைந்தவை. சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949இல் பிறந்து ஹெர்குலிஸ் வண்டிகள் கிராமம் கிராமமாகப் போன காலத்தில் சாலை என்றாலே பெரும்பாலும் கப்பிதான். இப்போது லட்ச ரூபாய்க்கு விற்கும் கிராவல் சைக்கிளின் டயர் அந்த அகலத்துக்கே திரும்பி வந்து நிற்கிறது.

அலைமேடுகள் எங்கிருந்து வருகின்றன?

ஜீப்பும் வேனும் ஓடும் கிராவல் ரோட்டில் சாண், முழம் இடைவெளியில் குறுக்கே வரிவரியாக மேடுகள் எழும்புவதைப் பார்க்கலாம். பல்லெல்லாம் தந்தியடிக்கும். எஞ்சின் அதிர்வாலும் வண்டி ஸ்பிரிங்காலும் வருவது என்று நினைப்பது வழக்கம். தாபர்லே, மோரிஸ், மெக்கெல்வெய்ன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் வட்டமாகச் சுழலும் மணல் மேடையில் ஒரு சாதாரணச் சக்கரத்தை உருட்டி, 2007இல் முடிவை வெளியிட்டார்கள். ஸ்பிரிங் இல்லாத கடினச் சக்கரமும் அலைமேட்டை உண்டாக்கியது. வேகம் ஒரு வரம்பைத் தாண்டினால் போதும். குளத்தில் தவளைக்கல் விடும்போது தண்ணீர் கல்லை மேலே தள்ளுவதுபோல, வேகமாகப் போகும் சக்கரத்தை மணல் மேலே தள்ளுகிறது. சக்கரம் துள்ளி விழும் இடத்தில் பள்ளம், அதற்கு முன்னால் மேடு. அடுத்த வண்டி அதை ஆழமாக்குகிறது. பள்ளத்தை நிரவினாலும் வேகம் குறையாதவரை அலை திரும்ப வரும்.

ரோட்டின் நடுவில் சக்கரம் படாத திட்டும், ஒற்றையடியாகத் தேய்ந்த ஓரமும் ஓரளவு தப்பித்திருக்கும். சைக்கிள்காரர் தேடவேண்டியது அந்த ஒரு சாண் அகலத்தை.

அடிவாரத்திலிருந்து மேலே

கச்சிராயபாளையம் தாண்டியதும் நிலம் திடீரென எழும்புகிறது. கல்வராயனின் மேட்டுநிலம் 2,000 முதல் 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. அடிவாரத்தில் முள்காடு, மேலே போனால் இலையுதிர் காடு. சரிவு 6 சதவீதம் என்றால் 80 கிலோவைப் பின்னுக்கு இழுக்கும் விசை சுமார் 47 நியூட்டன். சமவெளியில் நல்ல தார்ச்சாலை இழுப்பதைப்போல் பத்து மடங்குக்கு மேல். பழைய சைக்கிளில் பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி சுமார் 5 மீட்டர் போகும். விநாடிக்கு ஒரு சுற்று மிதித்தால் இந்த ஏற்றத்துக்கு 235 வாட் வேண்டும். பயிற்சி இல்லாத கால் அதைத் தராது, இறங்கித் தள்ளவேண்டியதுதான். கிராவல் சைக்கிளின் சிறிய கியரில் ஒரு சுற்றுக்கு 2 மீட்டர்தான் போகும். 95 வாட்டில் ஏறலாம், வேகம் மணிக்கு 7 கிலோமீட்டர். கியர் வேலையைக் குறைப்பதில்லை, நேரத்தில் பரப்பித் தருகிறது. 600 மீட்டர் ஏற ஆகும் வேலை எப்படி ஏறினாலும் சுமார் 470 கிலோஜூல். உடல் உணவில் நாலில் ஒரு பங்கைத்தான் இயக்கமாக்கும் என்பதால், 450 முதல் 500 கலோரி செலவாகும். மீதி முக்கால் பங்கு வியர்வையோடு போகவேண்டும். மேலே போனால் வெயில் நான்கு டிகிரி அளவு தணிந்திருப்பது ஆறுதல்.

எதிர்க்காற்றையும் கணக்கில் சேர்க்கவேண்டும். ஆனி, ஆடியில் மேல்காற்று அடிக்கும்போது திருக்கோவிலூரிலிருந்து மணலூர்பேட்டை, மூங்கில்துறைப்பட்டு என்று மேற்கே போகிறவர் முகத்தில் அது நேராக விழும். காற்றில்லாத நாளில் 15 கிலோமீட்டர் வேகத்துக்குக் காற்றைப் பிளக்க 20 வாட் போதும். எதிரே 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வந்தால் 120 வாட் வரை ஆகும். தையும் மாசியும் நல்ல மாதங்கள். மழை ஓய்ந்திருக்கும், களி இன்னும் ஈரம் பிடித்திருக்கும், தூசி குறைவு. தை 5இல் மணலூர்பேட்டையில் ஆற்றுத் திருவிழாவும் உண்டு.

எச்சரிக்கை மூன்று. கரையோரமெங்கும் சீமைக்கருவேல முள். கல் செய்யாத பஞ்சரை அது செய்யும். டயருக்குள் ரப்பர்ப்பால் கலந்த அடைப்புத் திரவம் ஊற்றிக்கொண்டால் சின்னத் துளைகள் தானே மூடிக்கொள்ளும். இரண்டாவது, ஆறு. ஃபெஞ்சல் புயலின்போது 2024 டிசம்பர் 2இல் சாத்தனூரிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி திறக்கப்பட்டது. காய்ந்த மணலில் போட்ட வண்டிப்பாதையை நம்பி மழைக்காலத்தில் இறங்கக்கூடாது. மூன்றாவது, காப்புக்காடு. அதற்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும், மண் தடம் இருப்பது அனுமதி ஆகாது.

கிராவல் எங்கே இருக்கவேண்டும்?

மலைமேல் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களிடம் கேட்டால் தார் ரோடு வேண்டும் என்பார்கள். நோயாளியைத் தொட்டில் கட்டித் தூக்கிவந்த செய்திகள் தமிழ்நாட்டின் மலைக் கிராமங்களிலிருந்து இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. மண் ரோட்டை விரும்பி ஓட்டுகிறவரின் ஆசைக்கும் அவர்களுடைய தேவைக்கும் மோதல் இருப்பதுபோலத் தோன்றலாம். இயற்பியலைக் கேட்டால் மோதல் இல்லை.

ரோட்டின்மேல் ஓடும் மழைநீர் தரையை இழுக்கும் விசை, நீரின் ஆழத்தையும் சரிவையும் பெருக்கினால் வருவது. ஒரே ஆழத்தில் ஓடினாலும் 6 சதவீத மலைச்சாலையில் அந்த இழுப்பு 0.1 சதவீத ஆற்றுச்சமவெளியில் இருப்பதைப்போல் 60 மடங்கு. மலையில் கொட்டிய கிராவலின் களியை ஒரு ஐப்பசி மழை கழுவிவிடும். அடுத்த மழையில் கல் உருளும், அதற்கடுத்த மழையில் ரோட்டின் நடுவே ஓடை வெட்டும். அந்த மண் போய்ச் சேருமிடம் கோமுகி, மணிமுக்தா அணைகள். செங்குத்தான ஏற்றத்துக்குத் தாரோ கான்கிரீட்டோ போட்டு, ஓரத்தில் வடிகால் வெட்டுவதே மலைக்கும் நல்லது, அணைக்கும் நல்லது, ஆம்புலன்ஸுக்கும் நல்லது.

சமவெளியின் வாய்க்கால் கரைக்கும் ஏரிக்கரைக்கும் அந்தச் செலவு தேவையில்லை. அங்கே சரிவு குறைவு, நீரின் இழுப்பும் குறைவு. நடுவே சற்று மேடாக வைத்து, ஆண்டுக்கொரு முறை களி கலந்த கிராவலைப் பரப்பி உருளை ஓட்டினால் நின்றுவிடும். அதில் மாடு போகும், டிராக்டர் போகும், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சைக்கிளும் போகும். கரை தேய்ந்து தாழாமல் இருந்தால் ஏரிக்கும் பாதுகாப்பு. கிராவல் சைக்கிளுக்குத் தனியாகப் பாதை போடத் தேவையில்லை. கரைகளை ஒழுங்காகப் பராமரித்தாலே திருக்கோவிலூரிலிருந்து அடிவாரம் வரை பாதை தயார்.